முதலில் போக வேண்டியது யார்?

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயங்களில் திருவிருந்து ஆராதனையின்போது ஒரு வழக்கம் உண்டு. சமாதானத்தைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். குருவானவரிடம் தொடங்கி அது வரிசை வரிசையாக வரும். பக்கத்தில் இருப்பவரின் கையை இரு கைகளாலும் பற்றிச் சமாதானம் சொல்ல வேண்டும். வாங்கியவர் அதை அடுத்தவருக்குக் கொடுப்பார். எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் இது. 1950-ல் திருவிருந்துக்கான ஆராதனை முறையை வகுத்தபோது சி.எஸ்.ஐ. இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தத் திருச்சபை பிறந்ததே ஒரு சமாதானத்தில்தான். தனித்தனியாக இருந்த சபைகளை ஒன்றாக்கும் பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை சென்னையில் ஒன்றானது 1947 செப்டம்பர் 27 அன்று. இடையில் 28 வருடங்கள்.

சபைகளுக்கே 28 வருடம் ஆகிறது. குடும்பங்கள் எம்மாத்திரம்? பக்கத்துப் பெஞ்சில் இருப்பவருக்குக் கை கொடுப்பது எளிது. கை கொடுக்க வேண்டிய ஆள் பல நேரம் அந்தப் பெஞ்சில் இருப்பதில்லை. வேறு ஊரில், போனை எடுக்காமல் இருப்பார்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது 61. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. காலை ஐந்து மணிக்கு வேதம் வாசித்து ஜெபம் பண்ணாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் இருபது வருடப் பழக்கம். அவருடைய நம்பிக்கைக்குச் சோதனை வந்தது ஒரு வாய்ஸ் மெசேஜில்.

டீச்சரின் மாமியார் நான்கு வருடம் படுக்கையில் இருந்துவிட்டுக் காலமானார். கூடவே இருந்து பார்த்தது டீச்சர். கொழுந்தனும் அவர் மனைவியும் தூத்துக்குடியில். மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அடக்க ஆராதனை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கொழுந்தன் மனைவியின் குரல் ஒலித்தது. வேறு யாருக்கோ அனுப்ப நினைத்தது, தவறி அங்கே வந்து விழுந்துவிட்டது.

“நாலு வருஷம் அத்தையைப் பார்த்தது பாசத்துலன்னு நெனைக்கீயளா? எட்டுப் பவுன் சங்கிலி கழுத்துல கெடந்துச்சுல்லா. அது எங்க போச்சாம்?”

ஒரு நிமிடத்துக்குள் அது டெலீட் ஆனது. அதற்குள் டீச்சர் கேட்டுவிட்டார்.

அந்தச் சங்கிலி போன இடம் டீச்சருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பணம் போதவில்லை. மாமியாரே சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். “சின்னவன்கிட்ட சொல்லிராத. அவனுக்கே கடன் கழுத்தை நெரிக்கி. கேட்டா மனசொடைஞ்சு போவான்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நகைக்கடைச் சீட்டும் ஆஸ்பத்திரி பில்லும் பீரோவில் ஒரே கவருக்குள் இருந்தன.

மனதுக்குள் ஒரு கோர்ட்

அன்று இரவிலிருந்து டீச்சரின் மனதுக்குள் கோர்ட் நடந்தது. அவரே வக்கீல், அவரே சாட்சி, நீதிபதியும் அவரே. பாத்திரம் தேய்க்கும்போது ஒரு வாதம், துணி காயப்போடும்போது இன்னொரு வாதம். நள்ளிரவில் எழுந்து தண்ணீர் குடிக்கும்போது, கொழுந்தன் மனைவி சொல்லாத பதில்களைக்கூட அவரே சொல்லி, அவரே அவற்றை முறியடித்தார். வெளியே ஒரு வார்த்தையும் பேசவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பொறுமைசாலி. உள்ளே இருந்தது பொறுமை இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் சமையலறையில் வேலை பார்த்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பில் பிடிக்காத வேலை. ஆனாலும் பாத்திர பண்டங்களின் சத்தத்துக்கு நடுவிலும், ஆலயத்தில் முழங்காலில் நிற்பதுபோலவே கடவுளோடு இருக்கப் பழகிக்கொண்டார். 1691-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் புத்தகமாயின. மனம் அலைந்தால் அதோடு சண்டை போடாமல் அமைதியாகத் திருப்பிக் கூட்டி வந்தால் போதும் என்பது அவர் சொல்லித்தந்த எளிய வழி.

பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம் ஒன்றில் கேட்ட இந்த விஷயம் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. கோபத்தை விரட்டிப் பார்த்தார், அது போகவில்லை. பிறகு வேறு மாதிரி செய்தார். உள்ளே கோர்ட் கூடும்போதெல்லாம் கொழுந்தன் மனைவியின் பெயரை மட்டும் கடவுளிடம் சொன்னார். ஆசீர்வதியும் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் சொல்லவில்லை. பெயர் மட்டும்தான். முதல் நாள் அந்தப் பெயருக்கே நாக்கு எழவில்லை. மூன்றாம் நாள் பெயரோடு சேர்ந்து ஒரு முகமும் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், “அக்கா, இந்த வீட்டுல குழம்புக்குத் தேங்கா எவ்வளவு வைக்கணும்?” என்று கேட்ட முகம்.

உண்மையும் கல்லாகும்

மகன் வேறொரு வழி சொன்னான். “நீங்க ஒண்ணும் பேசாதீங்கம்மா. ரெண்டு பில்லையும் போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க. கீழ ஒரு வார்த்தை எழுத வேண்டாம். உண்மைதானே?”

உண்மைதான். அதில்தான் சிக்கல். பொய் சொல்லக் கூடாது என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உண்மையை எங்கே, யார் முன்னால், எதற்காகச் சொல்வது என்பது 61 வயதிலும் கடினம். 43 பேர் இருக்கும் குரூப்பில் அந்த இரண்டு போட்டோக்களும் விழுந்தால் டீச்சரின் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் அதன்பிறகு கொழுந்தன் மனைவி எந்தக் கல்யாணத்துக்கும் தலை நிமிர்ந்து வர முடியாது. கொழுந்தனின் கடனும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

யாக்கோபு தன் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவைப் பற்றி எழுதும்போது குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்பு என்று மூன்று உவமைகளைக் காட்டுகிறார். அந்தக் காலத்தில் ஒரு பேச்சு குரல் கேட்கும் தூரம்தான் போகும். அதைத் தாண்டிப் போக இன்னொரு வாய் வேண்டும். இன்று கட்டைவிரல் அழுத்தினால் துபாயிலிருக்கும் சித்தி மகனுக்கும் போய்விடும். நாவுக்குச் சொன்னது கட்டைவிரலுக்கும் பொருந்தும்.

“நான் யோசிச்சுச் சொல்லுதேன்” என்று டீச்சர் கவரை மறுபடி பீரோவில் வைத்தார்.

இரண்டு வசனம், ஒரே வழி

வரும் ஞாயிறு திருவிருந்து. வியாழக்கிழமை காலை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தார் டீச்சர். பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவன் அதை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு சொன்ன பகுதி. எத்தனையோ தடவை வாசித்ததுதான். அன்று ஒரு விஷயம் கண்ணில் பட்டது. உனக்கு அவன்மேல் வருத்தம் இருந்தால் என்று அங்கே இல்லை. உன்மேல் அவனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் என்று இருக்கிறது.

பதினெட்டாம் அதிகாரத்தைப் புரட்டினார். அங்கே இதற்கு நேர்மாறான நிலைமை. உனக்கு ஒருவன் குற்றம் செய்தால், நீ போய் அவனைத் தனியாகப் பார்த்துச் சொல். அதாவது குற்றம் தன் பக்கம் இருந்தாலும் எதிர்ப்பக்கம் இருந்தாலும், எழுந்து போக வேண்டியவர் இந்த வசனத்தை வாசிக்கிறவர்தான். அவள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க இரண்டு இடத்திலும் வழி இல்லை.

என்மேல் அவளுக்கு என்ன குறை இருக்க முடியும்? அந்தக் கேள்வியை டீச்சர் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினார். கவர் கைப்பையில் இருந்தது. மாமியாருக்குக் கொடுத்த சத்தியம் மனதை அறுத்தது. ஆனால் அந்தச் சத்தியம் சின்ன மகன் மனம் உடையக் கூடாது என்பதற்காக வாங்கியது. இப்போது அதே மௌனம்தான் அந்த வீட்டை உடைத்துக்கொண்டிருந்தது. ஊருக்குச் சொல்வது வேறு, அந்த வீட்டு ஆட்களுக்குச் சொல்வது வேறு என்று தெளிந்தார்.

சமையலறையில் இருவர் மட்டும். டீச்சர் கவரை மேசைமேல் வைத்தார். கொழுந்தன் மனைவி இரண்டு சீட்டையும் வாசித்தார். காலில் விழவில்லை, அழவுமில்லை. வெகுநேரம் கழித்துப் பேசினார்.

“வாய்ல வந்துட்டு. பேசியிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கேன்க்கா. அத்தையைப் பெட்டியில வச்சப்போ கழுத்து வெறுமையா கெடந்துச்சு. ஏன்னு ஒரு ஆள் எங்களுக்குச் சொல்லலயே. ஆபரேஷன்னுகூட முடிஞ்ச பெறவுதான போன் வந்துச்சு? நாங்களும் அந்த வீட்டு ஆளுதான?”

டீச்சருக்குப் பதில் இல்லை. நான்கு வருடம் தனியாகச் சுமந்த பாரத்தை அவர் தியாகம் என்று நினைத்திருந்தார். இங்கே இவர்கள் அதைத் தள்ளிவைத்ததாக நினைத்திருந்தார்கள். சொன்ன வார்த்தை ஒரு பக்கம் காயம் என்றால், சொல்லாமல் விட்ட வார்த்தை இன்னொரு பக்கம் காயமாக இருந்தது.

“சொல்லியிருக்கணும்ட்டி” என்றார் டீச்சர். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. இருவரும் அதைக் குடித்தார்கள்.

மன்னிப்பு வேறு, மறைப்பு வேறு

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. மன்னித்துவிடு, பொறுத்துப் போ என்கிற சொற்கள் எல்லா வீடுகளிலும் நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுவதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு இருக்கும் பெண்ணிடமும், பிள்ளையிடம் தப்பாக நடந்த உறவினரைப் பற்றி வாய் திறந்த தாயிடமும் இதே சொற்கள் சொல்லப்படுகின்றன. அது வேதத்தைக் கவசமாகப் பிடித்துக் குற்றத்தைக் காப்பது. மத்தேயு பதினெட்டாம் அதிகாரமே தனியாகப் பேசுவதோடு நின்றுவிடவில்லை. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று படிப்படியாகப் போகிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும் இடத்தில் தனியாகப் போய்ப் பேசுவதைப் பற்றிய பேச்சே இல்லை. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்று உதவி எண்கள் இருக்கின்றன. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இருக்கிறது. அவற்றை நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

டீச்சரின் பிரச்னை அந்த வகை இல்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பதும் இந்த மாதிரிச் சங்கதிகள்தான். யாரோ சொன்ன ஒரு சொல், அழைக்க மறந்த ஒரு விசேஷம், பங்கு பிரித்தபோது வந்த ஒரு முகச்சுளிப்பு. பத்து வருடம் இப்படியே போய்விடும். கடைசியில் அடக்க வீட்டில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து, கொழுந்தன் குரூப்பில் ஒரு வரி போட்டார். அம்மாவின் சங்கிலி அம்மாவின் ஆபரேஷனுக்கே போனது, இனி அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. மகனுக்கு அது போதவில்லை. “அவங்க வாயால ஸாரி சொல்லணும்லம்மா?” என்றான். “எனக்குப் போதும்ல” என்றார் டீச்சர்.

போதும் என்று சொல்லிவிட்டாரே தவிர, மனதுக்குள் கோர்ட் இன்னும் சில ராத்திரிகளில் கூடுகிறது. பெயர் சொல்லும் ஜெபமும் தொடர்கிறது. இப்போது பெயரோடு இரண்டு பிள்ளைகளின் பரீட்சையும் சேர்ந்துகொண்டது. போனிலும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரையாவது பற்றி வாய்ஸ் மெசேஜ் போடத் தோன்றினால், அனுப்பும் முன் ஒரு கேள்வி: இது அந்த ஆளின் காதிலேயே விழுந்தால் பரவாயில்லையா? கேட்டுப் பார்த்ததில், பாதிக்கு மேல் அனுப்பாமலே போய்விட்டன. இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டில் காய்ச்சலோ, பணச் சிக்கலோ, பழைய வீட்டு ஓடு மாற்றுவதோ, எதுவானாலும் தூத்துக்குடிக்கு முதல் போன் போய்விடுகிறது.

கொழுந்தன் மனைவி இன்னும் அளந்துதான் பேசுகிறார். போன வாரம் பழைய வீட்டு முருங்கையில் காய் பறித்து, அந்தப் பக்கம் போனவரிடம் ஒரு கட்டு கொடுத்து அனுப்பினார் டீச்சர். கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை. இந்த வாரமும் ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறார்.