கோவளம் கேட்டோம்... எண்ணூர் கிடைச்சது!

பொங்கல் லீவுக்கு ஃபேமிலியோட எங்கே போனீங்க? ஊட்டி, கொடைக்கானல், அட... குறைஞ்சபட்சம் மகாபலிபுரம்? நாங்க போன இடத்தைச் சொன்னா சிரிக்கக் கூடாது. எண்ணூர்!

"எண்ணூருக்கு டூரா? அங்கே கன்டெய்னர் லாரிதான்டா டூர் போகும்" என்று கிளாஸே கலாய்ச்சது. நியாயம்தான். நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். மொட்டை மாடியில் காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை சாயங்காலம் எடுத்தா, லைட்டா சாம்பல் கலர் அடிச்சிருக்கும். இந்த ஏரியாவை விட்டு ரெண்டே ரெண்டு நாள் தப்பிச்சுப் போகணும் என்பதுதான் எங்க ஒரிஜினல் பிளானே.

அப்பாவுக்கு கான்ட்ராக்ட் வேலை. சேர்ந்தாற்போல ரெண்டு நாள் லீவு என்பது எங்க வீட்டில் கிரகணம் மாதிரி. இந்தத் தடவை கிடைச்சதும் தங்கச்சி நெட்டைத் திறந்தாள். கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட். நீச்சல் குளம், தென்னை மரத்தில் ஊஞ்சல், காலையில் பஃபே. அம்மா போனை வாங்கி ஒவ்வொரு போட்டோவா பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "யாரோ சமைச்சு வெச்சதை, போய் உட்கார்ந்து சாப்பிடணும்டா. அவ்ளோதான்" என்றார்கள்.

யோசிச்சுப் பார்த்தேன். அம்மா வீட்டுக்கு வெளியே தங்கின ராத்திரி எல்லாமே ஒண்ணு கல்யாண மண்டபம், இல்லைன்னா ஆஸ்பத்திரி.

அஞ்சு பேருக்கு ரெண்டு ரூம், ஒரு ராத்திரி. வரியெல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம் ரூபாய். அப்பா ஒண்ணும் சொல்லலை. சட்டையை மாட்டிக்கிட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டார். எங்க ஆயாதான் (அப்பாவோட அம்மா, 74 வயசு) வாயைத் திறந்தது. "இன்னாடா இது... ஒரு நாள் ராவு தூங்கறதுக்கு அவ்ளோ துட்டா? அந்தக் காலத்துல துரைங்களே காத்து வாங்க எங்க ஊருக்குத்தான்டா வந்தாங்க!"

ஆயாவோட ஊர் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் ஒரு குப்பம். சரி, வழக்கம்போல பில்டப் என்று விட்டுட்டேன். மறுநாள் லைப்ரரியில் சும்மா புரட்டினால்... ஆயா சொன்னது அத்தனையும் நிஜம்!

இருநூறு வருஷத்துக்கு முன்னால எண்ணூர், மெட்ராஸ் வெள்ளைக்காரர்களின் வீக் எண்ட் ஸ்பாட். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவில் பங்களாக்கள். படகு விடுறது, தூண்டில் போடுறது, காத்து வாங்குறது. இன்றைக்கு ஈ.சி.ஆர். ரிசார்ட்காரங்க விற்கிற அதே அயிட்டங்கள்தான். 1806-ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரைக்கும் கால்வாயே வெட்டியாச்சு. அப்போ அதுக்குப் பேர் காக்ரேன் கால்வாய். 1877-78 பஞ்சத்தில் கூவத்தையும் அடையாறையும் இணைச்சு வெட்டினப்புறம் கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஆமா, நாம மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டுறோமே... அதேதான்.

இன்னொரு மேட்டரும் கிடைச்சது. நம்ம கடற்கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கும். 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சதும் அந்த மணல் வழியிலேயே மாட்டிக்கிச்சு. தெற்குப் பக்கம் மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பிச்சது. இன்றைக்கும் எங்க கடற்கரையில் நிறைய இடத்தில் மணல் கிடையாது, கருங்கல்தான். அடுத்த தடவை மெரினாவில் சுண்டல் சாப்பிடுறப்போ கொஞ்சம் எங்களையும் நினைச்சுக்கோங்க பாஸ். அதுல பாதி எங்க மணல்!

பிளானை மாத்தினோம். ராத்திரி வீட்டுத் தூக்கம், பகலெல்லாம் சொந்த ஊரில் டூர். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு... ரெண்டு நாளும் அம்மா கிச்சன் பக்கம் தலை வைக்கக் கூடாது.

முதல் நாள் காலை அஞ்சு மணி, காசிமேடு. அந்த நேரத்தில் அங்கே போகலைன்னா போகாம இருக்கிறதே மேல். படகிலிருந்து கூடை கூடையா இறங்குது, ஏலம் விடுறவங்க குரல் காதைக் கிழிக்குது. எங்க ஏரியாக்காரன் நானே ரெண்டு தடவை வழுக்கினேன். (செருப்பு போகட்டும், பழைய பேன்ட் போட்டுக்கிட்டுப் போங்க.) ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போ போய் ஏமாறாதீங்க. சங்கராவும் கிழங்கானும் வாங்கி, அங்கேயே காசு கொடுத்து வெட்டி வாங்கிட்டோம். வீட்டில் சமைச்சது நானும் அப்பாவும். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டது தனிக் கதை.

மதியத்துக்கு மேல ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன். 1856 ஜூலை 1-ந்தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிச்சு. முகப்பில் தூண்கள் இன்னும் கம்பீரமா நிக்குது. எதிரில் நின்று போட்டோ எடுத்தது நாங்க அஞ்சு பேர் மட்டும்தான். பக்கத்திலேயே பார்சிக்காரங்களோட நெருப்புக் கோயில், 1910-ல் கட்டினது. மத்தவங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியிலிருந்தே பார்த்துக்கணும். 1949 செப்டம்பரில் கொட்டுற மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவையும் ஒரு ரவுண்டு வந்தோம்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ! 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மாளுங்க கொண்டுவந்த அயிட்டம். ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு கொடுப்பாங்க. கூட வாழைத்தண்டு சூப். அம்மா ரெண்டு பிளேட். "பஃபே எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். முதுகில் ஒண்ணு விழுந்தது.

ரெண்டாம் நாள் காலை மெட்ரோவில் தேரடி ஸ்டேஷன் பக்கம் இறங்கி வர்ற கூட்டத்தோடு சேர்ந்து வடிவுடையம்மன் கோயில். அங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்ளேதான். கார்த்திகைப் பவுர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் பண்ணி, 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் பண்ணின ஊரும் இதுதான். (சத்தியத்தை மீறினதும் கண் போச்சு. லவ்வர்ஸ், உஷார்!) அடுத்து கடலோரம் பட்டினத்தார் சமாதி. கோடீஸ்வர வியாபாரி எல்லாத்தையும் உதறிட்டு வந்து அடங்கின இடம். பதினெட்டாயிரம் போயிடுச்சேன்னு முந்தாநாள் வரை மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த தங்கச்சியை அங்கே ரொம்ப நேரம் உட்கார வெச்சோம்.

அப்புறம் திருவொற்றியூரில் எலெக்ட்ரிக் டிரெயின். டிக்கெட் அஞ்சு ரூபாய். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். ஷேர் ஆட்டோ பிடிச்சு முகத்துவாரம் போனா, ஆயாவோட தம்பி மகன் படகோட ரெடியா இருந்தார். வாங்க அத்தை என்று கையைப் பிடிச்சு ஏத்தினார். மூட்டு வலியால் வீட்டு வாசப்படி இறங்கவே யோசிக்கிற ஆயா, படகில் மட்டும் டக்கென்று ஏறிடுச்சு.

கொசஸ்தலை ஆறு கடலில் சேர்ற இடம். தண்ணி அகலமா, அமைதியா... நிஜமாகவே அழகுதான். தூரத்தில் கூழைக்கடாக்கள். ஆனா தலையைத் திருப்பினால் புகைபோக்கி, கன்வேயர், துறைமுகத்து கிரேன். 1970-ல் ஆரம்பிச்ச எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடியாச்சு. 1994-லிருந்து ஓடுற வடசென்னை அனல்மின் நிலையம் அக்கரையில். அதே 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ காலேஜ் பசங்கள்லாம் வந்து பக்கெட்டில் அள்ளினாங்களே, ஞாபகமிருக்கா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது. அப்போ கறுப்பாகிப்போன வலை ஒண்ணை மாமா இன்னும் தூக்கிப் போடலை.

ஆழம் குறைஞ்ச ஓரத்தில் படகை நிறுத்தச் சொல்லிச்சு ஆயா. சின்ன வயசில் இடுப்பளவு தண்ணியில் நின்று, சேத்துக்குள்ளே கையை விட்டுத் துழாவி இறால் பிடிச்ச இடமாம். குனிஞ்சு கையை விட்டுச்சு. வெளியே எடுத்தப்போ விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறச் சேறு. முகர்ந்து பார்த்துட்டு, "மண்ணு வாசனையே இல்லடா" என்றது. அப்பா ஒண்ணும் பேசாமல் பாட்டில் தண்ணியை ஊத்தி ஆயா கையைக் கழுவி விட்டார்.

"இறாலே இல்லையா மாமா?" என்று தங்கச்சி கேட்டாள். "இருக்குமா... முன்ன ஒரு மணி நேரத்துல பிடிச்சதை இப்ப நாள் பூரா பிடிக்கணும்" என்றார். கரைக்கு வந்ததும் அரைக் கிலோ கொடுத்தார். காசு வாங்கவே மாட்டேன் என்றவரின் சட்டைப் பையில் ஆயா வற்புறுத்தித் திணிச்சது.

ரெண்டு நாளைக்கும் சேர்த்து மொத்தச் செலவு ரெண்டாயிரத்துச் சொச்சம். அம்மாவுக்கு ரிசார்ட் ஆசை போயிடுச்சா என்றால், இல்லை. திரும்பி வர்ற டிரெயினிலேயே அந்த ஊஞ்சல் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்பா எட்டிப் பார்த்து, "ஒரே ரூம் போட்டா எவ்ளோ வரும்?" என்று கேட்டார். ஆயா மடியில் இறால் பையோட தூங்கிக்கிட்டிருந்தது.