மெர்போக் சிற்றருவியும் ஆயிரம் வருஷக் கோயிலும்

 

நம்ம பைராம் தோட்டத்துக் கோயில் தொண்டர்களும் சமய வகுப்புப் பிள்ளைகளும் போன பள்ளி விடுமுறையில் கெடா, மெர்போக் போய் வந்தோம். படங்களைப் பார்த்துவிட்டு, "எங்கே இந்த அருவி? வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று நிறைய பேர் கேட்டார்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வழி. ஜாவி டோலில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே போய், சுங்கை பட்டாணி உத்தாராவில் இறங்க வேண்டும். பீடோங், செமெலிங் தாண்டினால் மெர்போக். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் காட்சியகம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். 1980-இல் அமைந்தது. வண்டியை விட்டு இறங்கினால் காடு ஏற வேண்டியதில்லை, கயிறு பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. கொஞ்சம் மேடு, கொஞ்சம் படி. எங்களோடு வந்த எழுபது வயது பாட்டி ஒருவர், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறிவிட்டார்.

பெரிய அருவி என்று நினைத்து வராதீங்க. ஜெராய் மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு அது. மெர்போக் கெச்சில் என்று பெயர். பாறைக்குப் பாறை வழுக்கி, ஆளுயரம்கூட இல்லாத சின்னச் சின்ன விழுதலாக இறங்குகிறது. சத்தம் மட்டும் பெரிசு. தண்ணீர் சில்லென்று இருக்கும். கால் நனைத்த பிள்ளைகள் வெளியே வர மறுத்துவிட்டார்கள்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே ஒரு கோயில் நிற்கிறது. சண்டி புக்கிட் பத்து பகாட். 'பத்து பகாட்' என்றால் செதுக்கிய கல். இந்த வளாகத்தில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து அடுக்கிய சண்டிகளும் உண்டு. பெண்டாங் டாலாம், பெண்டியாட், பெங்காலான் பூஜாங் எல்லாம் அப்படி வந்தவை. இது ஒன்றுதான் கட்டிய இடத்திலேயே இருப்பது. 1936-37 வாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டிப் பார்த்தார். 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் சிதறிக் கிடந்த கற்களை மறுபடி அடுக்கினார்கள். ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று கணிக்கிறார்கள். பெரும்பாலும் சிவன் கோயில் என்பது ஆய்வாளர் கருத்து.

நாம் பார்ப்பது அடித்தளம்தான். முன்னே மண்டபம், பின்னே விமானம். நம்ம ஊர்க் கோயிலின் அதே வரிசை. மண்டபத்தில் தூண் நிறுத்திய கல் பாதங்கள் அப்படியே இருக்கின்றன. தூணும் கூரையும் மரத்தால் ஆனவை. அதனால் அவை எப்போதோ மக்கிப் போய்விட்டன.

காட்சியகத்துக்குள் போனால் இந்தக் கோயிலின் அடியிலிருந்து எடுத்த கற்பேழைகளைப் பார்க்கலாம். உள்ளே செம்புக் கலசம், மணிக்கற்கள், பொன் தகடு வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கும்பாபிஷேக வேலை பார்த்த அன்பர்களுக்கு இது உடனே விளங்கும். பீடத்தின் அடியில் நவரத்தினம், பொன், வெள்ளி என்று நாம் போடுகிறோமே, அதேதான். எங்க குழுவில் ஒரு அண்ணன் அந்தப் பேழை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "நம்ம கோயில்ல இதை நானே தட்டுல ஏந்திட்டு நின்னேன்" என்றார், வேறொன்றும் பேசவில்லை.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை கேட்டாள்: "அக்கா, இது நம்ம கோயிலா? நம்ம கோயில்னா ஏன் பூசை இல்ல?"

இதற்கு 'ராஜேந்திர சோழன் கட்டியது' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். முகநூலில் அப்படித்தான் ஓடுகிறது. 1025-இல் சோழர் கடற்படை கடாரத்தின் மேல் வந்தது உண்மை. அதற்குப் பல நூற்றாண்டு முந்திய பட்டினப்பாலையும் காழகம் என்ற ஊரைச் சொல்கிறது. அதைக் கடாரம் என்றே பழைய உரைகாரர் கொண்டார். ஆனால் இந்தக் கோயிலைக் கட்டியவர் இன்னார் என்று சொல்லும் கல்வெட்டு இங்கே இல்லை. வணிகம் செய்ய வந்தவர்களும் இந்த மண்ணின் மக்களும் சேர்ந்து வாழ்ந்த துறைமுக நாடு இது. இந்துக் கோயிலும் பௌத்தச் சின்னங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்திருக்கின்றன. ஆகவே பிள்ளையிடம் இப்படிச் சொன்னோம்: "யார் கட்டினாங்கன்னு தெரியலம்மா. நம்ம சாமியைக் கும்பிட்டாங்க. ஒரு காலத்துல அவங்க போயிட்டாங்க. காடு பார்த்துக்கிச்சு."

காடு பார்த்துக்கொள்ளாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2013 கடைசியில் இதே பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையில் மண்வாரி இயந்திரத்தால் தரைமட்டமானது வெளியே தெரிந்து நாடே பேசியது. ஆயிரம் வருஷம் மழையும் வேரும் செய்யாததை இயந்திரம் செய்துவிட்டது. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கு என்ன ஆகும் என்ற கவலையோடு வளர்ந்த நமக்கு இது வெறும் செய்தி இல்லை.

அதனால் அங்கே கற்பூரம் ஏற்றவில்லை, பால் ஊற்றவில்லை. வெளியே நின்று ஒரு பதிகம் பாடினோம். பிறகு பூசைக்குப் பதிலாகக் கையுறை மாட்டிக்கொண்டு ஆற்றோரம் குப்பை பொறுக்கினோம். பாறை இடுக்கில் சிக்கிய பிளாஸ்டிக் போத்தல், மைலோ பெட்டி, சோற்றுப் பொட்டலம். மூன்று பை நிறைந்தது.

அந்தப் பைகளை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். 'ஏன் அவ்வளவு தூரம்?' என்று கேட்பீர்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றுதான். பினாங்குத் தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் கடைசியில் வந்து சேருவது நம்ம பக்கத்துப் புலாவ் பூரோங் மேட்டுக்கு. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து, நாள்கணக்கில் புகைந்ததை நாம் மறக்க முடியுமா? 'தூக்கி எறி' என்கிறோமே, எறியும் இடம் ஒருவர் வீட்டுப் பக்கம்தான். அதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆகவே பழைய சாமி படம், வாடிய மாலை, உடைந்த சிலை இவற்றைக் கிரியான் ஆற்றில் விடும் வழக்கத்தையும் நாம் நிறுத்தியே ஆக வேண்டும். மாலையை உரமாக்கலாம். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கோயிலில் கொடுங்கள், முறைப்படி செய்துகொள்கிறோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை:

1. கெப்பாலா ஆயிர். ஜெராய் 1,217 மீட்டர் உயரம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டும். மேலே மரக்கட்டையும் மண்ணும் தேக்கிய நீர் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும். 2021 ஆகஸ்டு 18-இல் இந்த மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் ஆறு உயிர் போனது. தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் அதிகமாக வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், செருப்பைத் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

2. மிச்சச் சோற்றைப் பாறையில் கொட்டாதீர்கள். சோறு எலியைக் கூப்பிடும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

3. பாசிப் பாறை வழுக்கும். வயசானவர்களுக்குக் கரையோரமே போதும். சத்தம் கேட்டாலே மனசு நிறையும்.

4. சண்டி மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். நம்ம கருவறைப் பீடத்தில் யாராவது ஏறினால் விடுவோமா?

அடுத்த விடுமுறையிலும் போகிறோம். இந்த முறை பெற்றோரும் வரலாம். புளிச்சோறு கோயிலிலிருந்து, இலையில் கட்டித் தருகிறோம். தண்ணீர்ப் போத்தல் அவரவர் கொண்டு வர வேண்டும், அதை அவரவரே திருப்பிக் கொண்டு போக வேண்டும். வர விரும்பும் அன்பர்கள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது பெயர் கொடுங்கள். கையுறை நாங்கள் தருகிறோம்.

சிவாய நம.