நாலு தாலரும் கொஞ்சம் சில்லறையும்

ஜெர்மனியின் லைப்சிக்கில் ரயிலேறினால் அரை மணி நேரத்தில் ஹாலே. பிராங்கே நிறுவனங்களின் வளாகத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். மரச்சட்டங்களால் எழுப்பிய ஆறு மாடிக் கட்டடம் நூறு மீட்டருக்கு மேல் நீண்டு நிற்கிறது. இத்தனைக்கும் முதல் போட்டது ஓர் உண்டியல் பெட்டி!

1695ஆம் வருடம். ஹாலேவை ஒட்டிய கிளௌகா, வறுமைக்கும் சாராயக் கடைகளுக்கும் பேர்போன இடம். அங்கே போதகராயிருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, ஏழைகளுக்காகத் தன் வீட்டில் ஓர் உண்டியல் வைத்திருந்தார். அதில் யாரோ அந்தக் கால நாணயத்தில் 4 தாலர் 16 குரோஷன் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்றைக்கே 2 தாலருக்குப் புத்தகம் வாங்கினார். வசதியில்லாத மாணவர் ஒருவரைப் பிடித்து, பிச்சையெடுக்க வரும் பிள்ளைகளுக்குத் தினமும் 2 மணி நேரம் பாடம் நடத்தச் சொன்னார்.

பிள்ளைகள் 27 புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவை நான்கே நான்கு. மற்றவை போன இடம் தெரியவில்லை. கொண்டுபோன பிள்ளைகளும் வரவில்லை. நானாயிருந்தால் அதோடு கடையைக் கட்டியிருப்பேன். மனிதர் மறுபடி புத்தகம் வாங்கினார். ஆனால் இந்தத் தடவை, பாடம் முடிந்ததும் இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற விசுவாசமும் இந்த விவரமும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

1698இல் அநாதை இல்லத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். மருந்துக்கடை, அச்சகம் என்று செலவுக்கு வழியும் பிறந்தது. 1727இல் பிராங்கே இறந்தபோது இங்கே 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அநாதை இல்லத்தின் முகப்பில் சூரியனை நோக்கி எழும்பும் இரண்டு கழுகுகள். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்ற ஏசாயா 40ஆம் அதிகார வசனம்தான் அது. மேல்மாடத்தில் விநோதப் பொருள்களின் காட்சிக்கூடம். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது!

இங்கே காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஹாலேயில் பிராங்கேயிடம் படித்தவர். அவருக்காகத் தமிழ் அச்செழுத்துகளையும் இந்த ஊரிலேயே வார்த்து அனுப்பினார்கள். அவை 1713இல் போய்ச் சேர்ந்தன. எழுத்தோ ரொம்பப் பெரிது, காகிதத்தை விழுங்கியது. தரங்கம்பாடிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அங்கேயே சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள்.