சிங்கப்பூரில் ஒரு பகல்: எந்தக் கலைக்கூடம்?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பிள்ளைகளோடு ஒரு நாள் சிங்கப்பூருக்குப் போய்வர எண்ணியிருக்கிறோம். பயனுள்ளதாக எதைக் காட்டலாம்?"

ஒரு நாள் என்கிறோம். உண்மையில் அது ஒரு நாளன்று. ஜொகூர் பாருவிலிருந்து அதிகாலையில் புறப்பட்டாலும், இரு பக்கக் குடிநுழைவுச் சோதனைகளையும் கடந்து நகருக்குள் கால்வைக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடுகிறது. மாலை நெரிசலுக்கு முன் திரும்ப வேண்டும். எஞ்சுவது ஐந்தாறு மணி நேரந்தான். அதில் உணவும் உண்டு, பிள்ளைகளின் களைப்பும் உண்டு.

2018ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் மகளை அழைத்துச் சென்றபோது எனக்கும் இதே சிக்கல்தான். சிங்கப்பூர் ஆற்றோரம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறது. பாடாங் திடலுக்கு எதிரே தேசியக் கலைக்கூடம். இரண்டுக்கும் இடையே நடைதூரந்தான். அதனால்தான் பலர் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முனைகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றரை மணி நேரத்திற்குமேல் குழந்தையின் கண் எதையும் பார்ப்பதில்லை; கால்கள் மட்டுமே நடக்கின்றன. வகுப்பறையில் இருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆசிய நாகரிக அரும்பொருளகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என எவரும் எண்ண வேண்டாம். பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. சீனத்துப் பீங்கான் கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கடலடியில் கிடந்து மீண்டவை. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளும் அங்குண்டு. என் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர் அவற்றை முன்வைத்தே என்னிடம் வாதிட்டார்.

"டீச்சர், நீங்கள் தமிழாசிரியை. சோழர் கலையைக் காட்டாமல், யாரோ வரைந்த மலாய் வகுப்புப் படத்தையா பிள்ளைக்குக் காட்டப் போகிறீர்கள்?"

அவர் குறிப்பிட்ட படம், சுவா மியா தீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. அதற்காகவே நான் தேசியக் கலைக்கூடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஐயாவின் கேள்வி என்னைச் சில நாள் உறுத்தியது. நமது என்று நாம் சொல்வது எது?

செப்புத் திருமேனி பார்வைப் பொருளாகப் படைக்கப்பட்டதன்று. நீராட்டி, பட்டுடுத்தி, மாலை சூட்டி, வீதியுலா எடுத்துச் செல்வதற்கென வார்க்கப்பட்டது. கோயிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அந்நிலையில் அதை அறிவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பூவின்றி நிற்கும்போது அதன் பாதிக் கதை விடுபட்டுப் போகிறது. சில வேளைகளில் அந்த விடுபட்ட கதை வருத்தமானது. அந்த அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேசுவரி சிலை, அரியலூர் மாவட்டத்துச் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து களவுபோனது எனத் தெரியவந்தது. 2015இல் அதை இந்தியாவிடம் திருப்பியளிக்க முடிவெடுத்தார்கள். இதையெல்லாம் பிள்ளைக்கு விளக்க ஒரு முழு நாள் வேண்டும். நான் விளக்கவும் விரும்புகிறேன். ஆனால் அரை நாளில் அன்று.

ஓவியத்தின் நிலை வேறு. சுவரில் மாட்டி, எதிரே நின்று பார்ப்பதற்கென்றே அது வரையப்பட்டது.

தேசியக் கலைக்கூடம் 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. பழைய நகர மண்டபத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து அமைத்திருக்கிறார்கள். 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்தது அந்நகர மண்டபத்தில்தான். சயாம் மரண இரயிலுக்கு உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களில் பிறந்தவர்கள் அங்கே ஒரு கணம் நிற்காமல் போக முடியாது. நீதிமன்றப் பகுதியில் கைதிகளை வைத்திருந்த அறைகளைப் பார்த்து என் மகள் வாயடைத்துப் போனாள். ராடன் சாலே 1849இல் தீட்டிய 'காட்டுத் தீ' மூன்று மீட்டர் உயரமுள்ளது. தீயால் விரட்டப்பட்ட விலங்குகள் பாறை விளிம்பில் தவிக்கின்றன. மற்ற பலவற்றை நாங்கள் வேண்டுமென்றே பார்க்கவில்லை.

'தேசிய மொழி வகுப்பு' அளவில் பெரிதன்று. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள். அருகில் மலாய் ஆசிரியர். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: சியாப்பா நாமா காமு? டி மானா ஆவாக் திங்கால்? உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய் என்பவைதாம். அவ்வாண்டு ஜூனில் சிங்கப்பூரின் முதல் தன்னாட்சி அமைச்சரவை பதவியேற்றது இதே நகர மண்டபத்தில். மலாயாவோடு ஒன்றிணையும் நம்பிக்கையில், தம் தாய்மொழியல்லாத மொழியின் முதற்பாடத்தை அவர்கள் விரும்பிக் கற்கிறார்கள். ஆறே ஆண்டுகளில், 1965 ஆகஸ்டில், இரு நாடுகளும் பிரிந்தன. அப்படத்திலுள்ள எவருக்கும் அது தெரியாது. அந்த அறியாமைதான் என்னை அங்கேயே நிறுத்திவைத்தது.

என் மகள் அப்போதுதான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்திருந்தாள். ஜனவரியில் இடைநிலைப்பள்ளி. தேர்வில் மலாய்மொழியை நன்றாகவே எழுதுவாள். பேச வேண்டுமெனில் என் பின்னால் ஒளிவாள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலர் இந்த அச்சத்தை அறிவார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"அம்மா, முதல் கேள்வியில் 'காமு' என்று இருக்கிறது, இரண்டாவதில் 'ஆவாக்' என்று இருக்கிறது. ஏன் மாற்றி எழுதியிருக்கிறார்?"

நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒருவர் கேட்டால் அன்றைய பாடம் வென்றது என்பேன். தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று ஆளறிந்து பேசுவதுபோல் மலாயிலும் உண்டு, அதை முதல் நாளே கற்பிக்கிறார் போலும் என்றேன். அவள் சற்று நேரம் பார்த்தாள். பின்னர் அவ்விரு கேள்விகளுக்கும் மலாயில் விடை சொன்னாள், மெல்லிய குரலில், ஓவியத்தைப் பார்த்து. அருகில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். அவள் கூச்சப்படவில்லை.

செல்ல விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். நமக்குக் கட்டணம் உண்டு. நீங்கள் நாடிச் செல்லும் ஓவியம் அன்று காட்சியில் உள்ளதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இடம் மாற்றுவதும் இரவல் கொடுப்பதும் அங்கே வழக்கம்.

விடுமுறை முடிந்து மூத்த ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், முழுதும் உடன்படவில்லை. "பத்து நிமிடம் நடந்து அம்மனையும் பார்த்திருக்கலாமே" என்றார்.

பார்க்கத்தான் வேண்டும், ஐயா. அது வேறொரு நாள். அன்று கலைக்கூடத்தின் பக்கம் நாங்கள் போகமாட்டோம்.