துருவுக்கு அடியில் நல்ல எஃகு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், அபேடேல் சாலையில் உள்ள பழம்பொருள் கடை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய சவரக்கத்திகள். பக்கத்து மரத்தட்டில் துருவேறிய கத்திகள். என்னை அழைத்துப்போன பெரியவர் பழைய கத்திகளைப் புதுப்பித்துத் தருபவர். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டின் முன் குனிந்தார்.

"மோட்டாரில் மெருகு போட்டவர் எவ்வளவு சூடாக்கினார் என்று யாருக்குத் தெரியும்?" என்றார். மெல்லிய வாய்ப்பகுதி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் எஃகின் பதம் இறங்கிவிடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. மெருகு அந்தக் கெடுதலையும் மறைத்துவிடும்.

அவர் எடுத்த கத்தியின் கழுத்தில் 'வேட் அண்ட் புட்சர், ஷெஃபீல்டு' என்ற முத்திரை. 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை. அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அந்தப் பெயர் இல்லாத ஏற்றுமதிக் கத்தி பெரும்பாலும் அதற்கு முந்தியது. தடித்த முதுகிலிருந்து ஆப்புபோல் சரியும் அலகும் அந்தக் காலத்தையே சொன்னது.

அலகை விளக்கின்முன் பிடித்து, உருப்பெருக்கியால் வாயை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார். அலகின் நடுவில் அரிப்புக்குழிகள் இருந்தால் பரவாயில்லை, வாயில் இருந்தால் ஆகாது. கண்ணுக்குத் தப்பும் விரிசல் இருக்கிறதா என்று தேடினார். அதைவிட அதிக நேரம் முதுகைப் பார்த்தார். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படுகின்றன. தீட்டும் கோணத்தை நிர்ணயிப்பது முதுகின் தடிமன்தான். முதுகு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் கத்தி கோணலாகவே கூராகும். செல்லுலாய்டுப் பிடி போட்ட இன்னொரு கத்தியை மறுத்துவிட்டார். செல்லுலாய்டு சிதையும்போது வெளியாகும் அமில ஆவி அலகையே அரித்துவிடும். கொம்புப் பிடி போட்ட அந்த முதல் கத்தியை வாங்கிக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனோம்.

அங்கே பித்தளை ரிவெட்டின் தலையை ராவி, பிடியைக் கழற்றினார். 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கையாலேயே தேய்த்தார். தாளின் எண் ஏற ஏற, துருவுக்கு அடியிலிருந்து சாம்பல் நிற எஃகு தெரிந்தது. குழிகள் எல்லாம் மறையும்வரை தேய்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பாதியிலேயே நிறுத்தினார். அவற்றை எடுக்கப்போனால் எஃகு மெலியும், முத்திரையும் அழியும். அவர் நிறுத்தியதுதான் சரி என்று எனக்குப் பட்டது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர் மூசையில் உருக்கிய எஃகுதான் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதைச் சாணை பிடித்தவர்களில் பலர் கல்தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்தார்கள். அவர்களுடைய உழைப்பில் மிஞ்சியதைத் தேய்த்துத் தீர்க்க நமக்கு என்ன உரிமை?

பிறகு தீட்டுக்கல். 1000 எண் கல்லில் வாய் முன்னே போகும்படி தள்ளினார். இரு சரிவுகளும் சந்தித்தபின் 4000, 8000, 12000 என்று கல் மாறியது. கை அழுத்தம் குறைந்துகொண்டே போய், கடைசிக் கல்லில் கத்தியின் எடை மட்டுமே மிஞ்சியது. தோல்வாரில் திசை நேர் எதிர்: முதுகு முன்னே போக வேண்டும், இல்லாவிட்டால் தோல் அறுபடும்.

என் கன்னத்தில் நுரை பூசி, சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்து இறக்கினார். கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போன கத்தி மோவாயில் லேசாக இழுத்தது. ஒன்றும் சொல்லாமல் கடைசிக் கல்லுக்குத் திரும்பினார். மறுபடி வைத்தபோது இழுக்கவில்லை.