தடைக்காலத்து வீடு

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் முதலில் போனது மின்சாரம். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம், மெழுகுதிரி என்று பல பொருட்களைக் குடாநாட்டுக்குள் கொண்டுவர அரசு தடை விதித்தது. தடைக்கு உட்படாத பொருட்களும் அரிதாகி, விலை ஏறின. போராளிகளின் கைக்கு எதுவும் போய்விடக் கூடாது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் அதன் பாரம் இறங்கிய இடம் அடுப்படி.

பெற்றோலும் மின்சாரமும் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதுவும் ஆனை விலை, குதிரை விலை. அப்போது பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் நுழைத்த நூல்திரி. கண்ணாடிச் சுவருக்குள் எரியும் அந்தச் சிறு சுடர் காற்றுக்கும் அணையாது, எண்ணெயையும் குடிக்காது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஒரு தலைமுறை படித்தது இந்த வெளிச்சத்தில். ஒரு விளக்கைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் இருந்து படித்த வீடுகள் பல.

பற்றரி இல்லாததால் வானொலியும் ஊமையாகியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி பிறந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கினார்கள். இரவில் பி.பி.சி. தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு அயலவர் கூடிவிடுவார்கள். சுற்றும் கை தளர்ந்தால் செய்தியும் மங்கும்; அடுத்தவர் வாங்கிச் சுற்றுவார். கொழும்பிலும் டில்லியிலும் யார் என்ன பேசினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சனம் கை வலிக்கச் சுற்றியது. அச்சுத்தாள் கிடைக்காதபோது ‘உதயன்’ நாளிதழ் கோடு போட்ட கொப்பித் தாளில் வெளிவந்தது.

வீதியில் சைக்கிளே அரசன். விறகு, நோயாளி, கலியாண வீட்டுச் சாமான் எல்லாம் அதன் கரியரில் போயின. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில துளி பெற்றோலில் எஞ்சினை உசுப்பிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களும் அதே புகையோடு ஓடின. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். அந்த வாசனைக்கு மாடுகள் கொடியில் காயும் துணியைத் தேடி வந்தன. சீனியில்லாத தேநீருக்குப் பனங்கட்டியும், அரிசி குறைந்த நாளில் ஒடியலும் துணை நின்றன. சங்கக்கடை வாசலில் நிவாரணத்துக்கு வரிசை நின்றது.

குடாநாட்டை விட்டுப் போவதும் வருவதும் உயிரைப் பணயம் வைக்கும் காரியம். கிளாலிக் கடல்நீரேரியை இரவோடு இரவாகப் படகில் கடக்க வேண்டும். 1993இன் தொடக்கத்தில் அங்கே கடற்படையின் தாக்குதலில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். வீட்டு வளவுகளிலும் பள்ளி முற்றங்களிலும் ‘ட’ வடிவில் பதுங்கு குழி வெட்டி, தென்னங்குற்றி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை வைத்தார்கள். வேவு பார்க்க வரும் விமானத்துக்குக் கோள்மூட்டி என்று பெயர். பொம்பரின் இரைச்சலைச் சிறு பிள்ளைகளும் பிரித்தறிந்தார்கள். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

தடை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. குடாநாட்டை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். பலருக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தையலும் இரும்பு வியாபாரமும் செய்த குடும்பங்கள் கையில் பிடித்ததோடு நடந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 30இல், இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்துத் தமிழர்கள் புலிகளின் அறிவிப்பின்படி ஒரே இரவில் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாதையில் தென்மராட்சியை நோக்கிப் போனார்கள். முதல் வெளியேற்றத்தைத் தடுக்க முடியாமல் பார்த்து நின்ற ஊர், இரண்டாவதில் தானே நடந்தது. இந்த இரண்டு நாட்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவு கூர்வது அரைக் கணக்கு.

2009 மேயில் போர் முடிந்தது. 2022இல் நாடு முழுவதும் வேறு காரணத்தால் இருளில் மூழ்கியது. அந்நியச் செலாவணி தீர்ந்து, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் வடக்கின் மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள்கள் மறுபடி இறங்கின, விறகடுப்பு மூட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடக்கு தனியே பட்டதன் ஒரு பங்கைத் தெற்கும் அப்போது அறிந்தது. அந்த அறிவு ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பயன்பட்டால் நல்லது.

ஜாம் போத்தல் விளக்கை இன்று பலர் பெருமையோடு பேசுகிறார்கள். பெருமைக்கு உரியதுதான். இல்லாமையிலும் பிள்ளைகளின் படிப்பை விடாத சமூகம் அது. ஆனால் அந்தத் திறமையைப் புகழும்போது, அதைக் கற்கும்படி மக்களைத் தள்ளியவர்களின் பொறுப்பு மறைந்துவிடக் கூடாது. தாய்மார் மருந்துக்கு அலைந்ததும், பிள்ளைகள் குழிக்குள் பாடம் படித்ததும் இயற்கைச் சீற்றத்தால் வந்தவை அல்ல. மனிதர் மேசையில் இருந்து எடுத்த முடிவுகளால் வந்தவை. போரின் கணக்கில் பிடித்த நிலமும் விழுந்த ஆயுதமும் எழுதப்படுகின்றன. எரிக்காமல் மிச்சம் பிடித்த மண்ணெண்ணெயும், திரியைத் தணித்துவிட்டுப் பிள்ளைகள் படிக்காமல் விட்ட பக்கங்களும் அதே ஏட்டில் ஏற வேண்டும்.