போதும் என்னும் சொல்



கோல்ஃப் நம் இல்லங்களில் அதிகம் பேசப்படும் ஆட்டமன்று. எனக்கும் அதில் ஈடுபாடு கிடையாது. ஆயினும், பால்மணம் மாறாப் பருவத்திலேயே அதில் புகழ்பெற்ற ஒரு சிறுவனின் வரலாறு, தகப்பன் என்ற முறையில் என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

1975 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர் எல்ட்ரிக் வுட்ஸ். டைகர் என்பது தந்தை இட்ட செல்லப்பெயர். தந்தை ஏர்ல் வுட்ஸ் வியட்நாம் போரில் பணியாற்றிய இராணுவ அதிகாரி. தாய் குல்திடா தாய்லாந்துப் பெண்மணி. ஏர்ல், கார் நிறுத்தும் கொட்டகையில் வலைகட்டிப் பந்தடித்துப் பழகுவார். உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, ஒரு வயது நிறையுமுன்பே மட்டையைப் பிடித்து வீசிற்று. 1978இல், 2 வயதில், தொலைக்காட்சியில் தோன்றிப் பந்தடித்துக் காட்டியது. 3 வயதில் ஒன்பது குழிகளை 48 அடிகளில் முடித்தது. அடிகள் குறையக் குறையத் திறமை என்பதே இவ்வாட்டத்தின் கணக்கு. வளர்ந்தவர்கள் பலருக்கே அது எட்டாத எண்.

வீட்டுப்பாடம் முடியாமல் மட்டையைத் தொடக்கூடாது என்பது தாயின் கட்டளை. (இந்த அம்மையாரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.) சிறுவனோ தந்தையின் அலுவலகத் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, விளையாடப் போகலாமா என்று அழைத்துக் கேட்பானாம். தந்தை யோசிப்பவர்போல் சற்று மௌனம் காத்துப் பிறகே இசைவாராம். பாருங்கள், கேட்டது பிள்ளை!

பின்னர் பயிற்சி கடுமையாயிற்று. மகன் மட்டையை ஓங்கும் வேளையில் தந்தை சில்லறைக் காசுகளைக் குலுக்குவார், பையைத் தொப்பென்று கீழே போடுவார், சுடுசொல்லும் வீசுவார். மனம் கலங்காமலிருக்கவே இவ்வளவும் என்றார். சுடுசொல்லை நான் ஒப்பவில்லை. ஆனால் அவர் ஒன்று செய்தார். தாங்க முடியாதபோது மகன் "போதும்" என்றால் எல்லாம் அக்கணமே நின்றுவிடும் என்று சொல்லிவைத்தார். மகன் ஒருமுறைகூட அச்சொல்லைச் சொல்லவில்லை.

8 வயதில் சிறுவர் உலகப் போட்டியில் முதல் வெற்றி. அப்பட்டத்தை ஆறுமுறை வென்றார். 1991 முதல் 1993 வரை அமெரிக்க இளையோர் பட்டம்; 1994 முதல் 1996 வரை தொழில்முறை சாரா ஆட்டக்காரர்களுக்கான தேசியப் பட்டம். 1997இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் வென்றபோது வயது 21. இதய அறுவைக்குப்பின் தேறிக்கொண்டிருந்த தந்தையைத் திடலோரத்திலேயே கட்டித் தழுவினார்.

இனி என் கதை. என் மகன் 8 வயதில் பள்ளிச் சதுரங்கப் போட்டியில் முதலாவதாக வந்தான். அன்று பிடித்தது எனக்குப் பித்து. தினமும் மக்ரிபுக்குப் பின் பலகையை விரித்து அவனை உட்கார வைத்துவிடுவேன். எழும்போது மணி பத்தாகும். அவனுடைய கிரிக்கெட் மட்டையைப் பரணில் ஏற்றினேன். 13 வயதில் காய்களை வாரிப் பெட்டியிலிட்டு மூடியவன், இன்றுவரை அதைத் திறக்கவில்லை.

அண்மையில் விடுமுறையில் வந்திருந்தவனிடம் இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, "போதும் என்று சொல்ல நான் உனக்கு இடம் தரவில்லையே, வாப்பா" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே, "தினமும் சொன்னேனே வாப்பா, வயிறு வலிக்கிறதென்று" என்றான்.